கடைசி கேஸ்: ஒரு கட்டைவிரல்

மேனேஜர் அளவு நாடாவின் ஒரு நுனியைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு நுனியைப் பிடிக்க ஆள் தேடினார். அறையில் டாக்டரம்மாவைத் தவிர யாரும் இல்லை. அவரோ நுண்நோக்கிக்குள் ஒரு கண்ணை விட்டுக்கொண்டு, உலகத்தை மறந்து உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர், இந்த நுனியைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா?"

"எதுக்கு?"

"இன்சூரன்ஸ் கவுண்டர் போடணும். அகலம் பத்துமான்னு பாக்கறேன்."

"எங்க போடறீங்க?"

"இங்கதான்."

தன் அறையைப் பறிக்க வந்தவருக்குத் தானே நாடா பிடித்துக் கொடுத்தார் டாக்டரம்மா. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத பிறவி அவர். அகலத்தை அளந்து முடித்து, நீளத்துக்கும் பிடித்துக் கொடுத்த பிறகுதான், போகப்போவது தன் அறை என்பது அவருக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியின் கோடியில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்தப் பூஞ்சைப் பரிசோதனை அறை. நகம், தோல், முடி ஆகியவற்றில் ஒட்டிக்கொள்ளும் பூஞ்சைகளைக் கண்டுபிடித்துப் பேர் சொல்வது அங்கே வேலை. "பூஞ்சை டாக்டர்" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது காதில் விழுந்தால் டாக்டரம்மாவுக்குக் கோபம் வராது. ஆண்டவன் படைத்ததில் மட்டமான உயிர் என்று ஒன்று உண்டா என்ன, என்று நினைத்துக்கொள்வார்.

"நிர்வாகக் குழுவோட உத்தரவு, டாக்டர்," என்றார் மேனேஜர். நாடாவைச் சுருட்டும்போது அவர் முகம் இஸ்திரி போட்ட சட்டைபோல் ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது. "வர்ற கேஸ் கொறைஞ்சு போச்சு. கையில இருக்கற கேஸ் முடிஞ்சதும் அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிடச் சொல்லியிருக்காங்க. உங்களுக்குப் பொது லேப்ல ஒரு மேசை போட்டுத் தருவாங்க."

"அங்க என்ன வேலை?"

"சர்க்கரை பாக்கறது. கையில இப்போ எத்தனை கேஸ் இருக்கு?"

டாக்டரம்மா மேசையைப் பார்த்தார். ஒரே ஒரு தட்டு இருந்தது.

"ஒண்ணு."

"ஒண்ணுதானா!" என்றார் மேனேஜர். அதில் இருந்தது சந்தோஷமா வருத்தமா என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் குரலும் இஸ்திரி போட்டதுதான்.

அந்த ஒரு கேஸ் தொட்டிச்செடிக்காரருடையது. தொட்டிகளில் பூச்செடி, குரோட்டன்ஸ் வளர்த்து விற்பவர். நாள் முழுக்க மண்ணிலும் எருவிலும் அளைகிற கை. வலது கட்டைவிரல் நகம் அடுப்புக் கரியாய்க் கறுத்து, தடித்து, விளிம்பில் தூக்கிக்கொண்டு நின்றது. பார்க்காத டாக்டர் இல்லை, விழுங்காத மாத்திரை இல்லை. நகம் அசைந்து கொடுக்கவில்லை. செடி வாங்க வந்த ஒரு பெண்மணி அவர் கையைப் பார்த்துவிட்டு, "நானே எடுத்துக்கறேன், நீங்க தொடாதீங்க" என்று சொன்னாளாம். அன்றுதான் கிளம்பி இங்கே வந்தார்.

அவர் நகத்துக்கு அடியிலிருந்து சுரண்டிய துகளைத் தட்டில் இருந்த, பூஞ்சை வளர்க்கும் கூழில் விதைத்திருந்தார் டாக்டரம்மா. அதில்தான் இப்போது ஒரு அதிசயம் முளைத்திருந்தது. சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் எழும்பி, நாளுக்கு நாள் கறுத்து, மூடியை முட்டிக்கொண்டு நின்றது.

"என்ன டாக்டர் இது, தட்டுல பூனைக்குட்டி படுத்திருக்கு?" என்று கேட்டார் மேனேஜர்.

"நகத்துல சாதாரணமா வர்ற பூஞ்சை இல்ல இது. ரொம்ப அபூர்வம். எல்லாரும் கொடுக்கற மாத்திரைக்கு மசியாது. அதான் இவ்வளவு வருஷமா ஆறல."

"அப்போ கேஸ் முடிஞ்சுதா?"

"அதெப்படி முடியும்? வழக்கமான பூஞ்சைன்னா ஒரு தடவை முளைச்சாலே போதும், நம்பிடலாம். இந்த ஜாதி காத்துலயும் மண்ணுலயும் திரியறது. தட்டைத் திறந்தப்போ பறந்து வந்து உக்காந்த தூசின்னு சொல்லிடுவாங்க. புதுசா நகம் எடுத்து, மறுபடியும் மறுபடியும் இதே முளைக்கணும். தூசிக்குத் திரும்பத் திரும்ப ஒரே வீட்டுக்கு வழி தெரியாது, பாருங்க."

டாக்டரம்மாவின் கண்கள் மின்னின. இப்படி ஓர் அபூர்வத்தை நிரூபித்துக் காட்டினால், நிர்வாகக் குழு இந்த அறையின் அருமையைத் தெரிந்துகொள்ளாதா? அதற்கப்புறமும் பூட்ட மனசு வருமா?

"சீக்கிரமே முடிச்சுக் காட்டறேன், மேனேஜர் சார். ஒரே மூச்சு!"

மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

தொட்டிச்செடிக்காரரைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. "அடுத்த தடவை வர்ற வரைக்கும் நகத்துல ஒரு மருந்தும் படக்கூடாது. வெட்டக்கூடாது. அப்படியே கொண்டு வாங்க."

"வேற எங்கம்மா வச்சுட்டு வருவேன்? கையிலதானே இருக்கு," என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

சொன்ன நாளில் வந்தார். துகள் எடுத்து, கூழில் விதைத்து, "ஆண்டவா, பாத்துக்கோ" என்று தட்டை மூடி வைத்தார் டாக்டரம்மா. நாட்கள் போயின. தட்டு துடைத்து வைத்த கண்ணாடியாகவே இருந்தது. ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை.

தொட்டிச்செடிக்காரரை வரவழைத்தார். கூடவே அவர் மனைவியும் வந்தாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"நகத்துல ஏதாவது தடவினீங்களா?"

"நான் தடவலைம்மா," என்றார் அவர்.

"நான்தான் தடவினேன்," என்றாள் மனைவி. "தூங்கும்போது. மெடிக்கல் ஷாப்புல பூஞ்சைக்கு இதுதான் நல்ல களிம்புன்னு சொன்னாங்க. மனுஷன் விரலைத் தூக்கிக்கிட்டே தூங்கறாரும்மா. எந்தப் பொண்டாட்டிதான் பாத்துக்கிட்டு இருப்பா?"

"நான்தான் சொன்னேனே, மருந்தே கூடாதுன்னு!"

"அவர்கிட்டதானே சொன்னீங்க. என்கிட்ட சொல்லலையே."

 அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த தவிப்பைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. புருஷன் விரலுக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு களிம்பு போட்டவளை எப்படித் திட்டுவது? "இனிமே அன்பை வேற விரலுக்குக் காட்டுங்க," என்று சொல்லி அனுப்பினார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா, டாக்டர்?"

"இல்ல சார். களிம்பு."

"அப்படியா," என்றார். உள்ளே வந்து அகலத்தை மறுபடியும் அளந்தார். போன தடவை அளந்தது மறந்துபோச்சாம். போகிறபோது, "குழுவில பேசிக்கறாங்க, டாக்டர். மொதல்ல முளைச்சது வெறும் தூசின்னு. தூசியே முளைக்காத ஒரு கூழ் கடையில கிடைக்குதாமே? சும்மா இல்ல, லேபிளை முழுசாப் படிச்சுப் பாத்துத்தான் வரவழைச்சிருக்கேன்," என்று ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தார்.

டாக்டரம்மா நெகிழ்ந்து போனார். பூட்டவேண்டிய அறைக்குக் கூழ் வாங்கித் தருகிற மேனேஜர் எங்கே கிடைப்பார்! அந்தக் கூழை அவரும் அறிவார். காற்றில் திரிகிற பூஞ்சைகளை முளைக்க விடாமல் தடுக்கும் மருந்து கலந்தது. வழக்கமான நகப் பூஞ்சையைப் பிடிக்க அதைவிட நல்லது கிடையாது. களிம்பின் வீரியம் போகட்டும் என்று காத்திருந்து, மறுபடி நகம் எடுத்து, உற்சாகமாக அதில் விதைத்தார்.

மறுபடியும் துடைத்து வைத்த கண்ணாடி.

ஒரு தூசிகூட இல்லை. நகப் பூஞ்சையும் இல்லை. தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், சட்டென்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

"என்னம்மா, கொசுவா?" என்று கேட்டார் அட்டெண்டர். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அறை பிறந்த நாளிலிருந்து டாக்டரம்மாவோடு இருப்பவர்.

"என் மூளைதான், அண்ணே! நான் தேடற ஆளே காத்துல திரியற ஜாதி. காத்துல திரியறது எதுவும் வராதபடி வேலி போட்ட கூழ்ல கொண்டுபோய் அதையே விதைச்சா எப்படி முளைக்கும்? விருந்தாளியைக் கூப்பிட்டுட்டு வாசக்கதவைப் பூட்டி வச்சிருக்கேன்!"

"அடடா," என்றார் அட்டெண்டர். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "பாவம், மேனேஜர் சார் ஆசையா வாங்கிக் குடுத்தது."

"அவருக்கென்ன தெரியும், நல்ல மனசுல செஞ்சார்."

பழைய கூழைத் தானே காய்ச்சி ஊற்றித் தயார் செய்தார் டாக்டரம்மா. தொட்டிச்செடிக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். மனைவிக்கும் தனியாகச் சொல்லி அனுப்பினார். அவர் வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா கையைக் கழுவி, கத்தியைத் தீயில் காட்டி, "வாங்க" என்று கூப்பிட்டார்.

நீட்டிய கட்டைவிரலில் நகம் இருக்கவேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் ஒன்றும் இல்லை. தடித்த கறுப்பு முழுக்க வெட்டி, அராவி, பஞ்சால் துடைத்து, பிள்ளைக்குத் தலைவாரிவிட்டதுபோல் இருந்தது.

"எங்க நகம்?"

"சிஸ்டர்..." என்று இழுத்தார் அவர்.

சிஸ்டர் ஓடி வந்தாள். நகவெட்டி இன்னும் கையில் இருந்தது. சிரித்த முகம், தங்கமான குணம். வார்டில் ஊசி போட்டால் நோயாளிக்கு முன்னால் தான் "ஸ்ஸ்" என்பாள்.

"சட்டைப் பொத்தானைப் போடும்போது நகம் மாட்டிக்குதுன்னு சொன்னாரு, டாக்டர். பாக்கவே பாவமா இருந்துச்சு. சும்மாதானே உக்காந்திருக்காருன்னு சுத்தம் பண்ணிவிட்டேன்."

"வெட்டினதையாவது எடுத்து வச்சியா?"

"குப்பையில போட்டு, குப்பையையும் எரிக்கக் குடுத்துட்டேனே, டாக்டர். சுத்தம் வேணும்னு நீங்கதானே வகுப்பு எடுத்தீங்க."

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். கோபத்தை விழுங்கும்போது அவர் எப்போதும் செய்வது அது. திறந்தபோது வாசலில் மேனேஜர் நின்றார்.

"முடிஞ்சுதா, டாக்டர்?"

"நகம் முடிஞ்சுது. கேஸ் முடியல."

"அப்படியா," என்றார் மேனேஜர். இந்தத் தடவை ஜன்னலை அளந்தார்.

நகம் மறுபடி வளரக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நகம் வளர்வதைப் பார்த்துக் காத்திருப்பதைப்போல் ஒரு தவம் உலகத்தில் இல்லை. அதற்குள் ஆஸ்பத்திரியில் அந்த நகம் பெரிய மனுஷனாகிவிட்டது. போகிற வருகிறவர்கள் தொட்டிச்செடிக்காரரிடம் குசலம் விசாரித்தார்கள். "எப்படி இருக்கார்?" என்றால் அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். தன் கடையில் செடி வாங்குகிறவர்களிடமெல்லாம் இதே கதைதான். "எங்க டாக்டரம்மா சொல்றாங்க, இது அபூர்வமாம். மாத்திரைக்கு மசியாத ஜாதியாம்."

கடைசியில் நகம் கொஞ்சம் தடித்தது, கறுத்தது. டாக்டரம்மா நன்றாகவே துகள் எடுத்தார். சிறு காகிதத்தில் மடித்தார். அந்த நேரம் பார்த்துப் பொது லேபிலிருந்து அழைப்பு வந்தது. "அண்ணே, இதைப் பத்திரமா வைங்க, உயிர் மாதிரி," என்று அட்டெண்டர் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

திரும்பி வந்தபோது காகிதம் இல்லை. மேசைமேல் ஒரு சின்னக் குப்பி இருந்தது. உள்ளே தெளிந்த திரவம். அடியில் கறுப்புத் துகள். மூக்கைத் துளைக்கும் வாசனை.

"அண்ணே... இது ஃபார்மலினா?"

"ஆமாம்மா. ஆபரேஷன் தியேட்டர்ல எடுக்கற சதையெல்லாம் இதுலதானே போட்டு வைப்பாங்க. கெட்டே போகாது. நீங்க உயிர் மாதிரி வைக்கச் சொன்னீங்களே!"

"உயிர் மாதிரின்னுதானே சொன்னேன்! ஃபார்மலின்ல போட்டா உள்ள இருக்கற உயிரெல்லாம் செத்துப் போயிடுமே, அண்ணே! செத்தது எப்படி முளைக்கும்?"

"அய்யய்யோ," என்று வாயைப் பொத்திக்கொண்டார் அட்டெண்டர். இத்தனை வருஷம் இந்த அறையில் வேலை பார்த்தவருக்கு இதுகூடவா தெரியாமல் போயிற்று என்று ஒரு கணம் நினைத்தார் டாக்டரம்மா. வயசாகிறது, பாவம், என்று அடுத்த கணமே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டார். ஒருவரைச் சந்தேகப்படுவதைவிட அவருக்கு வயசைக் கூட்டிவிடுவது புண்ணியம் என்பது அவர் கட்சி.

ஆனால் பொறுமைக்கும் ஒரு விளிம்பு உண்டு. அன்று மாலை அவர் அறைக் கதவில் தன் கையால் எழுதி ஓர் அறிவிப்பு ஒட்டினார்.

"தொட்டிச்செடிக்காரரின் வலது கட்டைவிரலுக்கு யாரும் எந்த உதவியும் செய்யக்கூடாது. இரக்கம் காட்டக்கூடாது. மீறினால் நான் அழுதுவிடுவேன்."

அதற்குக் கீழே யாரோ பென்சிலால், "அழாதீங்க டாக்டர்" என்று எழுதியிருந்தார்கள்.

நகம் மறுபடி தேறும் வரை பொறுத்திருந்தார். இனி யாரையும் நம்புவதில்லை என்று முடிவு கட்டினார். ஒரு காலை, பிரார்த்தனை முடித்துக் கைப்பையில் கத்தியும் ஸ்பிரிட்டும் பஞ்சும் காகிதமும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தானே செடிக்கடைக்கு நடந்தார்.

தொட்டிச்செடிக்காரர் அவரைக் கண்டதும் திருடன் போலீஸைக் கண்டதுபோல் எழுந்தார். வலது கையை ஒரு பெரிய இலைச்செடிக்குப் பின்னால் ஒளித்தார்.

"வாங்கம்மா! ரோஜா பாக்கறீங்களா?"

"கட்டைவிரல் பாக்கறேன்."

"இன்னைக்கு வேணாமேம்மா. அடுத்த மாசம் பாத்துக்கலாம். எனக்கென்ன அவசரம்? வருஷக்கணக்கா கூடவே இருக்கற நகம். இப்போ போனா வீடு வெறிச்சுனு இருக்கும்."

"கத்திக்குப் பயமா? வலிக்கவே வலிக்காது. கையை நீட்டுங்க."

"பயமெல்லாம் இல்லம்மா..." அவர் பரிதாபமாகத் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். காப்பாற்ற யாரும் வரவில்லை. கையை நீட்டினார்.

ஸ்பிரிட்டால் துடைத்து, மேலாக இருந்ததைத் தள்ளிவிட்டு, நோயுள்ள பகுதியும் நல்ல பகுதியும் சேருகிற ஆழத்திலிருந்து துகள் எடுத்தார் டாக்டரம்மா. புதையல் எடுத்ததுபோல் மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் மேனேஜர் எதிர்ப்பட்டார்.

"காலங்கார்த்தால நடந்து வரீங்களே, டாக்டர்! பையைக் குடுங்க, நான் கொண்டு வரேன்."

"வேண்டாம் சார்."

"கனமா இருக்கும்."

"இது என் பிள்ளை மாதிரி. நானே தூக்கிக்கறேன்."

மேனேஜர் அவரைப் பின்தொடர்ந்து அறைவரை வந்தார். டாக்டரம்மா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். விதைத்த தட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இன்னொரு தட்டை வெறுமனே சிறிது நேரம் திறந்து வைத்து மூடினார். அறையின் தூசி எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு அது சாட்சி.

சில நாட்களில் அலமாரியைத் திறந்தபோது, சாம்பல் பஞ்சு எழும்பி, கறுத்து, மூடியை முட்டிக்கொண்டு நின்றது. அதே பூனைக்குட்டி!

வேறொரு நாள் மறுபடியும் கடைக்குப் போனார். மறுபடியும் நகம் எடுத்தார். மறுபடியும் அதே. நுண்நோக்கியில் பார்த்தால், மெல்லிய இழைகள் துண்டு துண்டாகப் பிரிந்து, ரயில் பெட்டிகள்போல் வரிசையாக நின்றன. நகத் துகளுக்குள்ளேயே அந்த இழை ஓடுவதும் தெரிந்தது. வெறுமனே திறந்து வைத்த தட்டிலோ பச்சையும் மஞ்சளும் வெள்ளையுமாக ஊர்ப்பட்ட தூசி முளைத்திருந்தது. அதில் இந்தக் கறுப்பு மட்டும் இல்லை.

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். கைகூப்பினார். பிறகு அவர் வயதையும் பதவியையும் மறந்து ஒரு குதி குதித்தார்.

"கிடைச்சிடுச்சு! அண்ணே! சிஸ்டர்! எல்லாரும் வாங்க! கேஸ் முடிஞ்சுது!"

அட்டெண்டர் கையிலிருந்த துடைப்பம் நழுவி விழுந்தது. சிஸ்டர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர், என்று டாக்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டார்.

"பேர் என்னம்மா அதுக்கு?" என்று கேட்டார், தகவல் கேட்டு ஓடிவந்த தொட்டிச்செடிக்காரர்.

"நியோஸ்கைட்டலிடியம்."

"பேரே இவ்வளவு நீளமா? அதான் இடம் காலி பண்ண மாட்டேங்குது," என்றார். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

குழு கூடிய நாளில் டாக்டரம்மா தட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்தார். தலைவர் கண்ணாடியை மூக்கின் நுனியில் நிறுத்திக்கொண்டு பார்த்தார்.

"தூசின்னு சொன்னீங்க, சார். தூசி இந்தத் தட்டு. வானவில் மாதிரி இருக்கு. நகம் இந்த மூணு தட்டு. வேற வேற நாள் எடுத்தது. மூணுலயும் ஒரே ஆள். நகத்துக்குள்ளயும் அதே இழை. இதுக்கு மேல ஒருத்தன் நான்தான்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்க முடியாது."

தலைவர் நுண்நோக்கியில் நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"பிரமாதம், டாக்டர். நான் சொன்னது தப்பு. ஒத்துக்கறேன். ஆக, கேஸ் முடிஞ்சுது?"

"முடிஞ்சுது சார்!" என்றார் டாக்டரம்மா, வகுப்பில் முதலாவதாக வந்த குழந்தைபோல.

"ரொம்ப சந்தோஷம். மேனேஜர், அறைச் சாவியை வாங்கிக்கோங்க."

டாக்டரம்மாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது.  அபூர்வத்தைக் கண்டுபிடித்தால் அறை பிழைக்கும் என்று அவர்தான் கணக்குப் போட்டாரே தவிர, அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கேஸ் முடிந்தால் சாவி. அவ்வளவுதான் உத்தரவு. அதை முடிக்க அவரே செடிக்கடைக்கு நடையாய் நடந்திருக்கிறார்.

கைப்பைக்குள் கையை விட்டு அறைச் சாவியை எடுத்தார். எடுத்தவர் மனதில் ஒன்று தோன்றியது: போனால் போகட்டும், ஒரு மனிதனுடைய விரல் பிழைத்தது. அந்த நினைப்பில் சாவியை நீட்டினார்.

மேனேஜர் வாங்கவில்லை.

"வெளிய கொஞ்சம் சத்தமா இருக்கு, சார்," என்றார்.

கதவைத் திறந்தால், வராந்தா முழுக்க மனிதர்கள். முன்னால் தொட்டிச்செடிக்காரர். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அதற்குப் பின்னால் கறுத்த நகம், பழுத்த நகம், எழும்பிய நகம், ஒளித்து வைத்த நகம் என்று வரிசை. கட்டட மேஸ்திரி, சலவைக்கடை அம்மாள், நீச்சல் சொல்லித் தருகிறவர், எல்லாரும் செடிக்கடையில் அந்தக் கதையைக் கேட்டவர்கள்.

"மாத்திரை தின்னு தின்னு அலுத்துப் போனவங்கம்மா எல்லாரும்," என்றார் தொட்டிச்செடிக்காரர். "இவங்க நகத்துக்கும் ஒரு பேர் சொல்லிடுங்க. நீளமா இருந்தாலும் பரவால்ல."

"எல்லாரையும் பதிஞ்சாச்சு, சார்," என்றார் மேனேஜர் தலைவரிடம், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "உத்தரவுல கையில இருக்கற கேஸ் முடிஞ்சதும்னு இருக்கு. உத்தரவை மீற எனக்கு அதிகாரம் இல்ல. இத்தனையும் முடியாம சாவியை நான் எப்படி வாங்கறது?"

சட்டம் பேசித் தன் வலையில் தானே விழுந்தார் மனுஷன், என்று டாக்டரம்மா உள்ளுக்குள் குதூகலித்தார்.

தலைவர் வரிசையைப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "உத்தரவை வாபஸ் வாங்கிக்கலாம்," என்றார். மற்றவர்கள் எழுந்து போனதும், டாக்டரம்மாவின் பக்கமாகக் குனிந்து, "கால் நகமும் பாப்பீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்புறம் அந்த அறைக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. தொட்டிச்செடிக்காரரின் நகத்தில் நோயுள்ள பகுதியைக் களிம்பால் மென்மையாக்கி எடுத்து, அந்தப் பூஞ்சைக்கென்றே பார்த்துக் கொடுத்த மருந்தைப் பூசி வந்தார்கள். இந்தத் தடவை அவர் தூங்கும்போதும் மனைவி பூசலாம் என்று அனுமதி கிடைத்தது. அடியிலிருந்து ரோஜா நிறத்தில் புது நகம் மெல்ல எட்டிப் பார்த்தது. முழுதாக வளர்ந்த அன்று அவர் ஒரு செடியை அந்தக் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து, அறை ஜன்னலில் வைத்தார்.

எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார் டாக்டரம்மா. வெற்றியின் களிப்பில் அவருக்குப் பேச்சு தாராளமாக வந்தது.

"ஒருத்தர் களிம்பு தடவறாங்க. ஒருத்தர் நகத்தை வெட்டறாங்க. ஒருத்தர் ஃபார்மலின்ல ஊறப்போடறாங்க. உங்க எல்லாரோட அன்பையும் தாண்டி இந்தக் கேஸை நான் ஜெயிச்சேன் பாருங்க, அதுதான் ஆண்டவன் கருணை! அந்த மேனேஜரைப் பாருங்க, கல்லு மாதிரி மனுஷன். ஆனா ஒரு நாளாவது அந்த நகத்துகிட்ட வந்து தொந்தரவு பண்ணினாரா? இந்த விஷயத்துல அவர்கிட்ட நீங்க எல்லாரும் பாடம் கத்துக்கணும்."

சிஸ்டர் டீ புரையேறி இருமினாள். தொட்டிச்செடிக்காரர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அட்டெண்டர் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கு ஏதும்மா அவ்வளவு மூளை? கேஸ் முடிஞ்சா டாக்டரம்மாவோட அறையைப் பூட்டிடுவாங்க, உத்தரவை என்னால மீற முடியாது, நீங்களாவது முடிய விடாதீங்கன்னு எங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து கெஞ்சினதே நம்ம மேனேஜர் சார்தாம்மா!"